மூக்கில் நிற்காத கண்ணாடி

"டீச்சர், ஃப்ளர்ட் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வீர்கள்?"

கொழும்பிலிருந்து வந்த, தமிழ் தெரியாத முகாமையாளர் ஆங்கிலத்தில் இப்படிக் கேட்டபோது, தேநீரில் நனைத்த பிஸ்கட் என் விரல்களுக்கிடையே இருந்தது. பதில் யோசிப்பதற்குள் அது பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டது. அதைக் கரண்டியால் தேடுவதுபோலச் சற்று நேரம் போக்கினேன்.

மட்டக்களப்புக்குத் தெற்கே, களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குக் கிட்ட உள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மேல்மாடி அது. கண் பரிசோதிக்கும் அறை. சுவரில் பெரிதாகத் தொடங்கிச் சிறிதாக இறங்கிப் போகும் எழுத்துப் பலகை. கண்ணாடி துடைக்கும் திரவத்தின் மணம். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. ஒரு மேசையைச் சுற்றி ஐந்து கதிரைகள். முகாமையாளர், நான், எதிரே என் பழைய மாணவி தனுஜா, அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய தாய்மாமன். ஐந்தாவது கதிரை காலியாக இருந்தது.

தனுஜா கீழே கடையில் கண்ணாடி பொருத்திக் கொடுப்பவள். வாடிக்கையாளர் ஒருவருடன் அவள் ஃப்ளர்ட் செய்தாள் என்று தலைமை அலுவலகத்துக்கு யாரோ தொலைபேசியில் முறையிட்டிருந்தார்கள். அந்தக் கம்பனியின் ஒழுக்க விதிகளில் அப்படிச் செய்யக்கூடாது என்று இருக்கிறது. செய்தால் வேலை போகும். விதிகள் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன. விசாரணை என்றதும் தனுஜா ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள்: எனக்கு இங்கிலீசு படிப்பித்த டீச்சரைக் கூப்பிடுங்கள்.

அதனால்தான் கல்லடியிலிருந்து ஒரு ஓட்டோவில் வந்து இறங்கினேன். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியைக்கு இந்தப் பக்கத்தில் ஓய்வு கிடையாது. வெளிநாட்டு மருமகனின் விசாக் கடிதம், இறக்குமதி மருந்துப் போத்தலின் முதுகில் உள்ளது, கலியாண அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கம் எல்லாம் என் வாசலுக்குத்தான் வரும். ஆனால் ஒரு பெண்ணின் வேலையைத் தீர்மானிக்கும் ஒற்றைச் சொல்லை யாரும் அதுவரை கொண்டுவந்ததில்லை.

கூரை இல்லாத வீடு

வேலை போவது ஒரு பக்கம். எந்தக் காரணத்துக்காகப் போகிறது என்பதுதான் பெரிய பிரச்சினை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மகளுக்கு ஒரு வீடு கட்டி வைத்துவிட்டுத்தான் தகப்பன் மூச்சு விடுவார். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். தனுஜாவின் தகப்பன் வீடு கட்டத் தொடங்குமுன்பே மூச்சை விட்டுவிட்டார். ஆகவே அவளே சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் எழும்பிவிட்டது. கூரைக்குரிய மரம் பக்கத்து வளவில் மழைக்கு மூடிய தறப்பாளுக்குக் கீழே கிடந்தது.

ஃப்ளர்ட் பண்ணியதால் நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி சந்தையைக் கடப்பதற்குள் அந்தச் சொல்லை ஊரே மொழிபெயர்த்துவிடும். ஊரின் மொழிபெயர்ப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதன்பிறகு வேறு கடைக்காரர் அவளைச் சேர்க்கமாட்டார். அந்தச் சுவர் மழையில் நிற்கும்.

அகராதி கைவிட்ட இடம்

சரி, அந்தச் சொல்லுக்கு வருவோம்.

என் ஆசிரிய வாழ்க்கை முழுவதிலும் நான் அந்தச் சொல்லைக் கற்பித்ததில்லை. எங்கள் பாடப்புத்தகத்தில் மிருகக்காட்சிச்சாலைக்குப் போகலாம், மாமாவுக்குக் கடிதம் எழுதலாம், மழையில் குடை மறக்கலாம். ஒருவரும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். ஆனாலும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியும். யாரும் கற்பிக்காத சொற்களைத்தான் அவர்கள் பிழையில்லாமல் எழுதுவார்கள்.

பழைய அகராதிகள் இதைக் காதல் பாசாங்கு என்பதுபோல விளக்கும். பாசாங்கு என்றால் பொய். அகராதிக்காரருக்கு யாரோ பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் போல.

சரசம் என்று சொல்லலாமா? அது கூத்தில் ராசாவும் ராணியும் செய்வது. மரக்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் செய்ய முடியாது. சல்லாபம் என்றால் பொலிசை அழைக்க வேண்டும். சேட்டை என்பது பஸ்ஸில் முழங்கையால் இடிப்பவன் விடுவது. அதற்குப் பதில் குடைப்பிடியால் சொல்வோம். சினிமாக்காரர் கடலை போடுவது என்கிறார்கள். எங்களுக்குக் கடலை கோயில் வாசலில் சுருளில் சுற்றிக் கொடுப்பது.

சுழட்டுவது என்று ஒன்று எங்கள் பெடியன்களிடம் உண்டு. ஒரு பெண்பிள்ளையின் வீட்டைச் சைக்கிளில், இப்போது மோட்டார் சைக்கிளில், சுற்றிச்சுற்றி வருவது. நல்ல சொல்தான். ஆனால் அது ஆண்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. பெண் அதையே செய்தால் அதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன. அவற்றை நான் இந்தப் பத்தி எழுதும் வார இதழ் அச்சிடாது; போன வாரம் நான் பேக்கரிப் பாணின் எடையைப் பற்றி எழுதியதற்கே இதழாசிரியருக்கு இரண்டு கோபக் கடிதங்கள் வந்தன.

இந்தக்காலப் பிள்ளைகள் இந்த வில்லங்கத்தை எளிதாகத் தீர்த்துவிட்டார்கள். ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து, முன்னால் ஒரு சும்மாவைப் போட்டுவிடுகிறார்கள். "சும்மா ஃப்ளர்ட் பண்ணினான்" என்பார்கள். சும்மா இல்லாமல் அந்தச் சொல் தனியே வருவதில்லை. யோசித்துப் பார்த்தால் அதன் அர்த்தம் முழுக்க அந்தச் சும்மாவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் சும்மாவை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நான் அந்தப் பிஸ்கட்டோடு சேர்ந்து தேநீருக்குள் இறங்கியிருப்பேன்.

"ஒரு சொல்லில் சொல்ல முடியாது," என்றேன் முகாமையாளரிடம்.

"அப்படியானால் படத்தைப் பார்ப்போம்," என்றார் அவர். நழுவிவந்த தன் கண்ணாடியை விரலால் மேலே தள்ளினார். காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கண்ணாடிக் கம்பனியின் முகாமையாளருக்கே கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை.

சத்தமில்லாத படம்

கடையில் கமெரா உண்டு. கமெராவுக்குக் கண் உண்டு, காது இல்லை. மடிக்கணினியில் படம் ஓடியது.

ஒரு இளைஞன் வந்து உட்காருகிறான். தனுஜா அவனுடைய கண்ணாடியைக் கழற்றுகிறாள். சிறிய திருகாணிச் சாவியால் எதையோ திருகுகிறாள். மறுபடி அவன் முகத்தில் மாட்டுகிறாள். இரண்டு கைகளாலும் காதுக்குப் பின்னால் அழுத்துகிறாள். ஓரடி பின்னால் போய், தலையைச் சரித்து, அவன் கண்ணை நேராகப் பார்க்கிறாள். ஏதோ சொல்கிறாள். அவன் சிரிக்கிறான். அவன் ஏதோ சொல்கிறான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

இந்தத் தொழிலின் சங்கடத்தைப் பாருங்கள். ஊரில் வேறெந்தப் பெண்ணும் அந்நிய ஆணின் கண்ணை இவ்வளவு கிட்ட நின்று பார்த்தால் தாய்க்காரி தும்புத்தடியோடு வருவாள். இவள் பார்க்காவிட்டால் சம்பளம் இல்லை. பார்க்க வேண்டும், தொட வேண்டும், முகத்துக்கு எது வடிவு என்று சொல்ல வேண்டும், புன்னகைக்க வேண்டும். புன்னகைக்கச் சொல்லி அதே ஒழுக்க விதிகளில் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. அதையும் நானே வாசித்துச் சொன்னேன்.

என்ன சொன்னாய் என்று முகாமையாளர் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"கண்ணாடியில பிழையில்ல, உங்கட மூக்குத்தான் கோணல் எண்டு சொன்னன், டீச்சர்."

"அவர் என்ன சொன்னார்?"

"அப்ப மூக்க நிமித்தித் தாங்க எண்டார்."

இதை மொழிபெயர்த்தேன். வாடிக்கையாளரின் மூக்கு கோணலாக இருப்பதாக ஊழியர் தெரிவித்தார். அதை நிமிர்த்தும்படி வாடிக்கையாளர் கோரினார். முகாமையாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஆங்கிலத்தில் அது ஆஸ்பத்திரி அறிக்கைபோல இருந்தது.

முறையிட்டவர் யார் என்று முகாமையாளர் சொல்லவில்லை. எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் ஒருவர் பத்திரிகையோடு அந்தக் கடைக்கு அடிக்கடி வருவதாகத் தனுஜா பிறகு சொன்னாள். அவரைத் தனுஜா "ஐயா" என்று மரியாதையாக அழைத்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து உடனே அனுப்பிவிடுவாள். அவருடைய மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன்னோடு யாரும் சிரித்துக் கேலி பேசிப் பகிடி விடவில்லை என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு முறைப்பாடு இருந்திருக்காது.

குடையும் சாவடியும்

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு குடை ஞாபகம் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெல்லாவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள். வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்குக் கடந்து, பிறகு பஸ். யுத்த காலம்; வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து பிடித்துக்கொண்டு, வரிசையாக நடக்க வேண்டும். யாரும் யாரோடும் பேசமாட்டோம். முன்னால் போகிறவரின் செருப்பைப் பார்த்து நடப்போம்.

எனக்குப் பின்னால் எப்போதும் எங்கள் கணித வாத்தியார் நடந்துவருவார். உதடு அசையாமல் பேசக்கூடிய மனிதர். ஒருநாள், சிப்பாய் என் குடையை விரித்துப் பார்த்து மடக்கிக் கொடுத்ததும், பின்னாலிருந்து அவருடைய குரல் வந்தது.

"குடையை விட்டுட்டாங்கள், டீச்சர். உங்கட கண்ணத்தான் ஏன் விட்டாங்கள் எண்டு விளங்கல்ல."

நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். சாவடியில் சிரிக்கக்கூடாது. பஸ்ஸில் ஏறியபிறகும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்தநாள் அதே குடையைக் கொண்டுபோனேன். மழைக்காலம் முடிந்த பிறகும் கொண்டுபோனேன். ஒவ்வொரு நாளும் குடையைப் பற்றி ஒரு பகிடி வரும். சில நாள் நானும் திருப்பிக் கொடுப்பேன்.

அவருக்கு ஊரில் பெண் பேசி முடிந்திருந்தது. எனக்கு எங்கள் மெதடிஸ்த சபையிலேயே மாப்பிள்ளை ஒழுங்காகியிருந்தது. இது இருவருக்கும் தெரியும். நாங்கள் ஒன்றும் திட்டமிடவில்லை, ஒருவர் கையை ஒருவர் தொட்டதுமில்லை. அந்த நாட்களில் காலையில் எழும்பவே பயமாக இருக்கும். அந்த ஒரு பகிடிக்காகத்தான் முகம் கழுவி, பவுடர் போட்டு, வேலைக்குப் போனேன். எனக்கு அது தேவையாக இருந்தது. இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

பிறகு இடமாற்றம் வந்தது. பல வருடங்கள் கழித்து மட்டக்களப்புச் சந்தையில் அவரைக் கண்டேன். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்தார். "குடை இரிக்கா, டீச்சர்?" என்றார். இருக்கிறது என்றேன். அவர் தன் வழியில் போனார், நான் மீன் வாங்கப் போனேன்.

இந்தப் பகுதியை இதழுக்கு அனுப்புமுன் என் கணவர் வாசித்தார். எழுத்துப்பிழை பார்ப்பது அவர் வேலை. வாசித்துவிட்டு, அறைக்குப் போய், அலுமாரிக்கு மேலிருந்த பழைய குடையை எடுத்துவந்து விரித்துப் பார்த்தார். "கம்பி ரெண்டு போயிட்டு," என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாவது கதிரை

மேல்மாடிக்குத் திரும்புவோம்.

இவ்வளவு நேரமும் தனுஜாவின் தாய்மாமன் ஒன்றும் பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவர்களுடைய கோயிலின் வண்ணக்கர், அதாவது கோயில் காரியங்களுக்குப் பொறுப்பானவர். திருவிழாவில் யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்பதை அவர்தான் தீர்ப்பார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சால்வை, நெற்றி நிறைய விபூதி. மருமகளின் மானத்தைக் காப்பாற்ற வந்தவர். ஆங்கிலம் விளங்காது. அது அவருக்குத் தடையாகவும் இல்லை.

அவர் படத்தை நிறுத்தச் சொல்லி, திரையில் அந்த இளைஞனைச் சுட்டிக்காட்டி, என்னிடம் விளக்கினார். அவன் வெல்லாவெளிப் பக்கத்துப் பெடியன், பெயர் ரஜீவன், வயல் வட்டைகளில் நெல் வெட்டும் மெசின் ஓடுகிறவன், சொந்த வயலும் உண்டு. கடையில் பெயரைக் கேட்டறிந்து நேற்றே விசாரித்துவிட்டார். தாய் எந்த ஊர், தாயின் தாய் எந்த ஊர் என்று தொலைபேசியில் மேலே மேலே ஏறிப்போய், அவன் எந்தக் குடி என்று பிடித்துவிட்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல். குடி எங்களுக்குத் தாய்வழியில் வருவது. ஒரே குடி என்றால் முன்பின் தெரியாதவர்களும் அண்ணன் தங்கை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தால் பாவம். குடி வேறு, உறவும் பொருந்துகிறது என்றால் மச்சான் மச்சாள். மச்சானும் மச்சாளும் பகிடி விடுவது குற்றமில்லை. விடாவிட்டால்தான் என்ன கோபம் என்று கேட்பார்கள். மெதடிஸ்தக்காரராகிய நாங்கள் இதையெல்லாம் நம்புவதில்லை. சம்பந்தம் பேசும்போது மட்டும் மெதுவாக விசாரித்துக்கொள்வோம்.

"குடி வேற, டீச்சர்," என்றார் வண்ணக்கர். "மச்சான் மச்சாள் முறை. பகிடி விடத்தான் செய்வாங்க. இதில என்ன விசாரணை?"

இதை நான் முகாமையாளருக்கு விளக்கினேன். ஒரே முகம், ஒரே கண்ணாடி, ஒரே சிரிப்பு. பாட்டியின் பாட்டி இன்னார் என்றால் ஒழுக்கக்கேடு, வேறு யாரோ என்றால் உபசாரம். அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குடி முறை அவருடைய ஒழுக்க விதிகளைவிடத் தெளிவாக இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

அப்போது படியில் காலடி கேட்டது. ரஜீவன் வந்தான். வண்ணக்கர்தான் வரச் சொல்லியிருக்கிறார். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து வந்திருந்தான். சட்டையின் கீழ்ப்பக்கம் தண்ணீர் தெறித்திருந்தது. சட்டை புதிது, கழுத்தில் மடிப்பு ஊசி இன்னும் இருந்தது. ஐந்தாவது கதிரையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் தலையாட்டக் குனிந்தபோது அவனுடைய கண்ணாடி நழுவி மூக்கின் நுனிக்கு வந்தது.

மெசினின் குலுக்கலும் வியர்வையும்தான் காரணம் என்று அவன் முகாமையாளருக்கு விளக்க முற்பட்டான். யாரும் கேட்கவில்லை.

ஓம் என்றால் போதும்

வண்ணக்கர் தொண்டையைச் செருமினார். இரண்டு பக்கமும் பொருத்தம், பெடியன் நல்ல உழைப்பாளி, பிள்ளைக்கு வீடும் எழும்புகிறது, ஆவணிக்குள் ஒரு நாள் பார்த்துவிடலாம் என்றார். விசாரணைக்கு வந்த மனிதர் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். முகாமையாளரின் முகம் மலர்ந்தது. விதிகளைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினார்: குடும்பத்தாரும் நிச்சயிக்கப்பட்டவர்களும் வாடிக்கையாளர் கணக்கில் வரமாட்டார்கள். கலியாணம் பேசியாகிவிட்டது என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விசாரணை முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் கொழும்புக்குப் புறப்படலாம் என்ற சந்தோஷமும் அவர் குரலில் இருந்தது.

இப்படி ஒரு வழி பிறக்கும் என்று யார் நினைத்தது? கோயிலுக்கும் கம்பனிக்கும் ஒரே நேரத்தில் சமாதானம். எல்லோரும் தனுஜாவைப் பார்த்தோம்.

"ஓம் எண்டு சொல்லு, புள்ள," என்றார் வண்ணக்கர். "வேலையும் இரிக்கும், மாப்பிளையும் இரிக்கும்."

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூரை மரங்கள் என் நினைவில் வந்தன. சொல்லிவிடு பிள்ளை, ஒரு சொல்தானே என்று நானும் மனதுக்குள் சொன்னேன்.

அவள் தலையைத் தூக்கி ரஜீவனைப் பார்த்தாள்.

"நீங்க என்னக் கட்டுறதுக்குக் கேட்டீங்களா?"

"இல்ல," என்றான் அவன்.

"நான் கேட்டனானா?"

"இல்ல."

பிறகு மாமன் பக்கம் திரும்பினாள். 

"மாமா, நான் பகிடிதான் விட்டன். அவரும் விட்டார். எனக்கு அது பிடிச்சிருந்தது. நாள் முழுக்க ஆக்கள்ற காதையும் மூக்கையும் பாத்துட்டு நிக்கிறன், ஒரு ஆள் வந்தா சிரிக்கலாம் எண்டு இருந்தது. அதுக்குள்ள தாலியும் இல்ல, வீடும் இல்ல. வேலைக்காகக் கலியாணம் எண்டு பொய் சொல்ல ஏலா."

 வண்ணக்கர் சால்வையை எடுத்து மறுதோளில் போட்டார். ரஜீவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினான்.

"எனக்கும் பகிடிதான்," என்றான். நெடுநேரம் துடைத்தான். கண்ணாடி இல்லாத முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

முகாமையாளர் என்னைப் பார்த்தார். நான் இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் அது குற்ற ஒப்புதல். கொஞ்சம் மெழுகிச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். தனுஜா முந்திக்கொண்டாள்.

"யெஸ் சேர். ஃப்ளர்ட். நோ மெரேஜ்."

இலக்கணம் நான் படிப்பித்ததுபோல இல்லை. ஆனால் விளங்காத இடம் ஒன்றுமில்லை.

அர்த்தம்

முகாமையாளர் பெருமூச்சு விட்டுப் பேனையை எடுத்தார். எழுதக் குனிந்தார். கண்ணாடி நழுவியது. தள்ளினார். மறுபடி குனிந்தார். மறுபடி நழுவியது.

தனுஜாவின் விரல்கள் மேசையில் அசைந்தன. வேலை போகப்போகிறது என்பதுகூட அப்போது அவளுக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது என்று நினைக்கிறேன். காலையிலிருந்து அந்தக் கண்ணாடி அவளை வதைத்திருக்கிறது. எழும்பி, "தாங்க சேர்," என்று கையை நீட்டினாள். அவரும் பழக்கதோஷத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

சட்டைப் பையிலிருந்து திருகாணிச் சாவியை எடுத்தாள். இரண்டு பக்கமும் இறுக்கினாள். காதில் மாட்டும் வளைவைப் பெருவிரலால் மெல்ல மடித்தாள். திரவம் தெளித்துத் துடைத்தாள். அவர் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் அழுத்தினாள். ஓரடி பின்னால் போனாள். தலையைச் சரித்து, அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"டீச்சர், சேருக்குச் சொல்லுங்க. இவ்வளவு வடிவான ஆள் வேலையால நிப்பாட்டினா, கவலை கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும்."

சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அது.

முகாமையாளர் சிரித்தார். ஐம்பது தாண்டிய மனிதர், காது சிவக்கச் சிரித்தார். கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது. கை தானாகப் போய்த் தலைமயிரை ஒதுக்கியது. வண்ணக்கர் அவரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மனிதர் எந்தக் குடி என்று யோசித்திருப்பார். பிறகு முகாமையாளருக்கு எதுவோ பொறி தட்டியது. சிரிப்பு நின்றது. மடிக்கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்கள் காலையில் கேட்டீர்களே, தமிழில் என்ன என்று," என்றேன். "இதுதான்."

 அவர் எழுதியதைக் கிழித்துவிட்டு, இன்னொரு தேநீர் கேட்டார். ஊழியர் வாடிக்கையாளரை இன்முகத்துடன் கவனிக்கிறார் என்று எழுதுவதற்கு ஆங்கிலத்தில் என்னிடம் உதவி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். குனிந்து கையெழுத்து வைத்தார். கண்ணாடி அசையவில்லை.

வண்ணக்கர் தேநீர் குடிக்காமல் போய்விட்டார். கையில் வந்த மாப்பிள்ளையை ஒரு பெண் இப்படி வாசலோடு அனுப்பியதை அவரால் தாங்கமுடியவில்லை. நெடுநாள் மருமகளோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் கூரை ஏற்றிய அன்று விடியற்காலையிலேயே வந்து, தச்சனுக்கு எது நேர் எது கோணல் என்று சொல்லிக்கொண்டு நின்றாராம்.

அண்மையில் என் கண்ணாடியும் நழுவத் தொடங்கியது. கல்லடியிலும் பட்டணத்திலும் கண்ணாடிக் கடைக்குக் குறைவில்லை. ஆனாலும் பஸ் ஏறிக் களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். தனுஜா கண்ணாடியைக் கழற்றித் திருகிக்கொண்டிருந்தாள். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆசிரியையாக இருந்த வாய் சும்மா இருக்குமா?

"என்னகா, அந்தப் பெடியன் இப்பவும் வாறவரா?"

"வாறவர், டீச்சர்."

"கண்ணாடி இன்னும் சரியுதா?"

"இல்ல. இப்ப சரியிறதில்ல எண்டு சொல்லுறதுக்கு வாறவர்."

"நீ என்ன சொல்லுவாய்?"

அவள் என் முகத்தில் கண்ணாடியை மாட்டி, ஓரடி பின்னால் போய், தலையைச் சரித்துப் பார்த்தாள்.

"நம்ப ஏலா, கழட்டுங்க பாப்பம் எண்டுவன்."